பத்து நிமிஷ ஊர்

ஜூன் 8, சனி

மல்லாட்டைக் கடலை அவித்தேன். உப்பு தூக்கல். அப்பா தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றார்.

மாலையில் ஜெசிந்தா வீடியோ அனுப்பினாள். சென்னையில் மேடையேறி காமெடி பண்ணுகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழி, பெருமையாகத்தான் இருந்தது. நடுவில் எங்கள் திண்டிவனம் வந்தது. "எங்க ஊருக்கு இன்னொரு பேரு இருக்கு. பத்து நிமிஷ ஊர்" என்றாள். பிறகு குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும். டீ குடிக்கிறவங்க குடிங்க, ஒண்ணுக்குப் போறவங்க போங்க. வேற எதுக்கும் இங்க எறங்காதீங்க." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அது அப்பாவின் குரல். கண்டக்டராக இருந்தவரை, வண்டி இங்கே வந்ததும் அப்படித்தான் கத்துவார். கடைசி வரி மட்டும் அவருடையது இல்லை.

ஜூன் 9

அந்தப் பெயரை வைத்ததே அப்பாதான். எங்கள் வீட்டில், எனக்கும் ஜெசிந்தாவுக்கும் சோறு போட்டுக்கொண்டே சொன்னது. எங்கள் ஊரை நாங்கள் கேலி செய்வது வேறு. அதை டிக்கெட் போட்டு விற்பாளா?

ஜூன் 15, சனி

வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. டைல்ஸ் கடையில் என்கூட வேலை பார்க்கும் பார்த்திபன் விழுப்புரத்துக்காரன். "பத்து நிமிஷம் ஆயிடுச்சே, இன்னும் கெளம்பலியா?" என்கிறான். விழுப்புரம் மட்டும் என்ன, ரயில் மாறுகிற ஊர்தானே?

ஒரு ஆட்டோவின் முதுகில் அந்தப் பெயரை எழுதியே விட்டார்கள். பக்கத்து வீட்டு பாஞ்சாலி அக்காவுக்குத்தான் ஆத்திரம். "புளியங்காட்டால திண்டிவனம்னு பேரு வாங்கின ஊரு. இப்ப கக்கூஸால பேரு வாங்கிக்கினு நிக்குது."

ஜூன் 16

அப்பா பார்த்துவிட்டார். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முதலில் சிரித்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "என் தொண்டை அவ்ளோ கேவலமாவா இருக்குது?" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டு, "எறங்காதீங்கன்னு நான் சொன்னதே இல்லியேம்மா."

பாவி. பாவி. அவர் போட்ட சோற்றைத் தின்றவள்தானே?

ஜூன் 20

"ஏன்டி இப்படி?" என்று ஜெசிந்தாவுக்கு மெசேஜ் போட்டேன். "காமெடிடி. ஊருக்கே பேர் வாங்கிக் குடுத்துருக்கேன்" என்று பதில், கூடவே சிரிக்கும் பொம்மை. எழுதி எழுதி அழித்தேன்.

ஜூன் 27

அப்பா மளிகைக் கடையில்கூட வாய் திறப்பதில்லை. வேண்டியதை விரலால் காட்டுகிறார்.

ஜூலை 6, சனி

ஜெசிந்தா போன் செய்தாள். திருச்சிக்குப் போகிறாளாம், பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டார். "கூட்டிக்கினு வா. நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

வண்டியிலிருந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கைகூட எழவில்லை. "வீட்டுக்கு வா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போ" என்றேன்.

"அடுத்த வாட்டி வர்றேன்டி. வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை. என்ன சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

வீட்டில் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "வந்தாளா?"

"இல்லப்பா. வண்டி ஊருக்குள்ள வரல. பைபாஸ்லயே போய்ட்டுது."