ராவணன் கொடுத்த டீ

மாடம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்த பிறகு.

என் செல்லம் துர்காவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைத் தவிர. மழை வருவதற்கு முன்னாலேயே அது அறிவிப்பு கொடுத்துவிடும், உனக்குத் தெரியாததா. அந்த மலைக்குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன். கையில் ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். முக்கியமாக எதையாவது பேச ஆரம்பித்தால் உன் அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அப்புறம் அவரே பேசி முடித்து வைத்தும் விடுகிறார். அதனால்தான் காப்பிப்பொடி பார்சலுக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ கேட்ட விஷயத்துக்கே வருகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் தாம்பரம் பக்கத்திலேயே ஒரு பிராஞ்ச் கிடைக்கும் என்று மேனேஜர் சொன்னார், நான் என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்துடு என்றார். நான் குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி நழுவிவிட்டேன். அன்றைக்குக் குக்கர் அடுப்பிலேயே இல்லை. வந்துடு என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் கண் முன்னால் உங்கள் ஊர் ராம்லீலா நாடகம் வந்து நின்றது.

அதை நினைத்தால் இன்னும் எனக்கு முகம் சூடாகிறது. தசராவுக்குப் போய், கத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கி, ஜீப்பில் வளைந்து வளைந்து ஏறி, தலை சுற்றிக்கொண்டு உன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். பேங்க் துர்காவின் அம்மா அப்பா சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, நெற்றியில் திலகம் இட்டு, தோளில் சால்வை போட்டு, குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்களே, உன் அப்பாவுக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி ஆகிவிட்டது. ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு வசனத்தையெல்லாம் பாட்டாகவே பாடுகிறார்கள், தையல்காரர் அனுமார், மிட்டாய்க் கடைக்காரர் ராவணன், நீ மண்டோதரி. பாஷை புரியாவிட்டாலும் கதை தெரிந்ததுதானே, நான் பாட்டுக்கு ரசித்துக்கொண்டிருந்தேன். நீ வர வேண்டிய இடத்துக்கு முன்னால் தபலாக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், நம்ம ஆளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் சபாவில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து கேண்டீனுக்குப் போவார்கள், அதில் முதல் ஆள் இவர்தானே. பழக்க தோஷம், ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த ஊரில் தலைமை விருந்தாளி எழுந்தால் எல்லாரும் எழ வேண்டுமாம். முதல் வரிசை எழுந்தது, அதைப் பார்த்து அடுத்த வரிசை, கம்பளி போர்த்திய கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது, தபலா நின்றது, திரையையும் இறக்கிவிட்டார்கள். நீ பாட வேண்டிய பாட்டை இந்த மனுஷன் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்துத் தலையும் மீசையுமாக ராவணன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, என்ன குறை வைத்தோம் என்று கேட்கிற மாதிரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குத் தெரிந்த இந்தி முழுக்க ஒரே வார்த்தை, சாய் என்றார். கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால் ஊரே சிரித்தது. ராவணன் கடையிலிருந்து கெட்டில் கெட்டிலாக டீ வந்தது, அவரே ஒரு பக்கத்துத் தலை ஆட, கையால் ஊற்றிக் கொடுத்தார், எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் திரை ஏறியது. அப்புறம் நீ பாடினாய்.

நீ பாடினாய், அதைத்தான் சொல்ல வந்தேன். குரோம்பேட்டை பிராஞ்சில் இருந்த காலத்தில் நீ வந்ததும் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும், அப்புறம் ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், வேறு சத்தமே கிடையாது. அந்த ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் தினமும் அடிபட்டு வருகிறவளிடம் பாடு என்று யார் சொல்வது. உன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மறுநாள் கடைத்தெருவில் காய்கறிக்காரி முதல் போஸ்ட்மேன் வரை உன்னை மண்டோதரி ஜி, மண்டோதரி ஜி என்று கூப்பிட, நீ ஒவ்வொருத்தரிடமும் நின்று பேசினாய், கன்னமெல்லாம் சிவந்து. உன்னை அப்படிப் பார்த்து எத்தனை காலமாகிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

உனக்கு இங்கே மாற்றல் கிடைக்க வேண்டும் என்று நம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் சரபேஸ்வரருக்கு ஒன்பது ஞாயிறு நெய்விளக்கு ஏற்றுவதாக நான் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியாது. புரட்டாசியில் ஆரம்பித்து, பயணத்தில் விட்டுப்போய், இன்றைக்குத்தான் கடைசி விளக்கு. மீன் கொண்டுவரும் பூவம்மாளுக்கு இந்த வேண்டுதல் மேல் ஏகக் கோபம், ஞாயித்துக்கெழம மீனு வாங்காத ஒரே வூடு உன் வூடுதான் என்று வாரா வாரம் கேட்டில் நின்று திட்டுவாள். இன்று காலை அவளிடம்தான் முதலில் சொன்னேன், மாற்றல் வேண்டாம் என்று கேட்கப் போகிறேன் என்று. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இன்னாமா நீ, இத்தினி வாரம் சாமியாண்ட கேட்டுகினு இருந்துட்டு இப்ப வாணாங்கற, எம் பொண்ண கேளம்பாக்கத்துல கட்டிக் குடுத்ததுக்கே எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல என்றாள். எனக்கு மட்டும் இறங்குகிறதா என்ன. இருந்தாலும் சாயங்காலம் போய் விளக்கை ஏற்றி, சாமி, கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், என் பெண் இன்னும் கொஞ்ச நாள் பாடட்டும், எனக்குத் தேவைப்படும்போது வந்து கேட்கிறேன், அப்போது தராமல் இருந்துவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். குருக்கள் வழக்கம்போல உன் பேருக்கு அர்ச்சனை செய்து குங்குமம் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். சாமியிடம் நான் சொல்லிவிட்டேன், மேனேஜரிடம் நீ சொல்லிவிடு.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் யோசனை. உன்னை இங்கே வரவழைக்க வேண்டும் என்று என்னைவிடத் துடிக்கிறவர் அவர். அங்கே பட்ட பாட்டுக்குப் பிறகு மனுஷர் திருந்திவிட்டார், நேற்று கச்சேரியில் தனி முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார், சபா செயலாளர் மோகன்ராஜ் பயந்துபோய், சார் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். இன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் புது ஃபிளாஸ்க் ஒன்று, நம் வீட்டுக்குப் பொருந்தாத பெரிய சைஸ். எதற்கு இது என்றேன். பேப்பரை விட்டு முகத்தை எடுக்காமல், அடுத்த வருஷம் ராவணனுக்கும் சேர்த்து நாம காப்பி கொண்டுபோக வேண்டாமா என்றார். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கண்ணு, நோய் நொடியில்லாமல், தொண்டை கட்டாமல், நாலு பேர் பிரியத்தோடு நூறு வருஷம் நன்றாக இரு. ரூமில் கரி அடுப்பு வைத்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, மறக்காதே. மிட்டாய்க் கடைக்காரரிடம் முதல் வரிசையில் எங்களுக்கு இடம் போட்டு வைக்கச் சொல், ஓரமாகப் போடச் சொல்.

உன்னை நினைத்தபடி,
அம்மா அபிதகுஜாம்பாள்
(அப்பா ராஜகோபாலனும்தான், தெரியாத மாதிரி பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.)