லுணுகலை வரிசையின் வெள்ளைப் பெட்டிகள்

பதுளையில் எங்கள் சுகாதாரக் கந்தோரில், மாதிரித் தண்ணீர் கொண்டுவரும் ஐஸ் பெட்டியை இன்று காலை கழுவியபோது அடியில் ஒரு வெற்றுப் போத்தல் உருண்டது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில் உங்கள் கையெழுத்து: "காலை 5.40. பெரட்டுக்கு முன்னாடி." குளோரின் வாசம் மூக்கில் ஏற, ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லுணுகலைக்கு மேலே உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கழிவுக் குழாய்கள் எல்லாம் வந்து சேரும் சிமெந்துத் தொட்டிக்குள் நான் கயிற்றில் போத்தலை இறக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், ஒன்றை இடுப்பில் வைத்தபடி இறங்கி வந்தீர்கள்.

"சாக்கடையில என்னாங்க மிஸ் தேடுறீங்க? தோடு விழுந்திருச்சா?"

"கிருமி தேடுறன். இந்தத் தண்ணிய ஒரு மெஷின் வாசிச்சு, உள்ளுக்க என்ன கிருமி இருக்கு எண்டு சொல்லும்."

"யாரோடதுன்னும் சொல்லிப்புடுமா?"

"இல்லை, எல்லாருடையதும் கலந்துதானே வருது."

"நல்ல வேளை. எங்க வீட்டுக்காரரு குடிச்ச சங்கதியெல்லாம் கொழும்புக்குத் தெரிய வேணாம்."

உங்களுக்குக் கேள்விகள் ஓயவே ஓயாது. மெஷின் என்ன பாஷையில் வாசிக்கும்? செத்த கிருமியையும் வாசிக்குமா? பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவேன்.

கொழும்பு ஆய்வகத்திலிருந்து வரும் நீண்ட பட்டியலைப் படமாக்குவதுதான் என் வேலை. இடத்துக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு பெட்டி. கிருமியின் தடயம் கூடக்கூடப் பெட்டி கறுக்கும். வெலிமடையும் பூனாகலையும் அங்கங்கே கறுத்திருக்க, உங்கள் வரிசை மட்டும் பால்வெள்ளை. குடிதண்ணீரில் குளோரின் கலக்கும் தொட்டியை எந்தத் தோட்டத்துக்கு முதலில் கொடுப்பது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய இருந்தார்கள். நானோ நல்ல செய்தி கொண்டுவந்த பெருமையோடு பிள்ளைக் காம்பராவில் மடிக்கணினியை உங்கள் முன் திறந்தேன்.

"பாருங்கோ, உங்கட தோட்டம் சுத்தம்."

நீங்கள் சிரிக்கவில்லை. பாயில் ஏழு பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் வாடிப் படுத்திருந்தன. அந்த வெள்ளையை விரலால் தொட்டுக் கேட்டீர்கள்: "வெள்ளைன்னா இல்லைன்னு அர்த்தமா, தெரியலைன்னு அர்த்தமா?"

"இல்லை எண்டுதான்."

"அப்ப இந்தப் புள்ளைங்க வயிறு பொய் சொல்லுதா? எத்தன மணிக்குத் தண்ணி எடுத்தீங்க?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு லயத்துல யாரு இருக்கா மிஸ்? விடியக்காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு எல்லாம் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கும். புள்ளைங்க துணிய வெளிய பீலியில கொட்டுற தண்ணியில அலசுறோம், அது ஆத்துக்குப் போயிரும். ஒங்களுக்குக் கெடச்சது சட்டி கழுவுன தண்ணிதான்."

கந்தோருக்குத் திரும்பி பழைய பட்டியல்களைக் கிளறினேன். வாராவாரம் உங்கள் மாதிரிக்கு எதிரே ஆய்வகம் எழுதியிருந்தது: மனிதக் கழிவு போதவில்லை, முடிவு சொல்ல இயலாது. அந்த இடங்களையெல்லாம் பூச்சியமாக்கி, வெள்ளை தீட்டியது நான்தான். படம் துப்புரவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஏழு பிள்ளைகளின் நோயை அழித்துவிடப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் நீங்களே மாதிரி எடுத்தீர்கள். பெரட்டுக்கு முன், லயம் முழுவதும் விழித்து நடமாடும் நேரத்தில். அடுத்த பட்டியல் வந்ததும் உங்கள் வரிசையில் வயிற்றுளைவுக் கிருமியின் பெட்டி மைபோல் கறுத்தது. "இப்பதான் நெசத்த சொல்லுது" என்றீர்கள். தொட்டி முதலில் உங்கள் தோட்டத்துக்கே வந்தது. அதைப் பொருத்துவதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பெட்டி வெளுப்பதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது என் படங்களில் மூன்றாவது நிறம் ஒன்று இருக்கிறது: சாம்பல். தெரியவில்லை என்று பொருள். மேலதிகாரிகளுக்கு அது பிடிப்பதில்லை, படம் அழுக்காகத் தெரிகிறதாம். அழுக்காகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதிதாக வந்திருந்த பட்டியலைத் திறந்தேன். உங்கள் வரிசை வெள்ளை. நம்பவில்லை. எடுத்த நேரத்தைப் பார்த்தேன்: 5.40. உங்கள் மகள்தான் எடுத்திருக்கிறாள். மனிதக் கழிவு போதுமான அளவு இருந்ததா என்று பார்த்தேன், இருந்தது. பிள்ளைக் காம்பராவுக்குப் போன் போட்டு, யாருக்காவது வயிற்றோட்டம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் இல்லைங்க மிஸ். சத்தம் தாங்க முடியல, எல்லாம் வெளையாடுதுங்க."

இந்த முறை, இல்லை என்றுதான் அர்த்தம்.