இலக்கமில்லாத வீடு

கட்டுகஸ்தோட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் துஷானி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நம் தோட்டத்து பஸ் தரிப்பிடத்தை எடுக்கப்போகிறார்களாம். அடுத்த தரிப்பிடம்வரை நீங்கள் எப்படி நடப்பீர்கள்? மக்கள் கருத்தை இணையத்தில் மட்டும்தான் கேட்கிறார்கள். வேலை செய்யும் கடையில் சாப்பாட்டு நேரத்தில் நம் எதிர்ப்பை எழுதினேன். வீட்டு இலக்கம் இல்லாமல் அந்தப் படிவத்தை அனுப்ப முடியவில்லை. அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, "தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஏதுங்க இலக்கம்?" என்றேன்.

"ஏதாவது ஒரு நம்பரப் போடுங்க தங்கச்சி, எடுத்துக்கும்" என்றார் அதிகாரி.

உண்மையைச் சொன்னால் அந்தப் படிவம் துப்புகிறது, பொய்யைப் போட்டால் விழுங்குகிறது. சீ! இதற்குப் பெயர் மக்கள் கருத்தாம்.

இங்கே வருகிறவர்களிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கடைச் சோறு இறங்கவில்லை. முதலாளி கூப்பிடுகிறார்.

உறையில் வழக்கம்போல உங்கள் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் எழுதுகிறேன். இலக்கமில்லாமலே இது உங்கள் கைக்கு வந்துவிடும்.

துஷானி