தம்பியின் தொண்டை

ஜூன் 3, 2024, திங்கள்

காலை ராகிக் கஞ்சி இருநூறு மில்லி. அம்மா சிரிஞ்சில் எடுத்து மூக்குக் குழாய் வழியாக விட்டாள். வயிறு நிறைந்தது. வாய்க்குச் சேதியே போகவில்லை.

எதிரே சாலமோன் நாஷ்டா சாப்பிட்டான். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தோசையை உள்ளே தள்ளுகிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒரே அம்மா பெற்ற இரண்டு தொண்டைகள். காய்ச்சலுக்குப் பின் நரம்பு நோய் வந்து படுத்தவன் நான் மட்டும். கை கால் திரும்பிவிட்டன. மூன்று மாதமாகியும் தொண்டை திரும்பவில்லை.

ஜூன் 5, புதன்

எச்சிலைக்கூட டம்ளரில் துப்புகிறேன். நாள் முழுக்க.

ஜூன் 7, வெள்ளி

திருவள்ளூர் ஆஸ்பத்திரி. விழுங்கப் பயிற்சி தரும் மிருதுளா மேடம், துணைக்கு வந்த சாலமோனை உட்காரச் சொன்னார். "நல்லா இருக்கிற தொண்டை எப்படி வேலை செய்யுதுன்னு அண்ணன் தொட்டுப் பாக்கட்டும்."

என் விரல்களை அவன் குரல்வளைமேல் வைத்தார். அவன் தண்ணீர் குடித்தான். விரலுக்கடியில் அந்த முடிச்சு மேலேறி இறங்கியது. நாக்கு பின்னால் தள்ளுமாம். மேலண்ணம் எழுந்து மூக்கை அடைக்குமாம். குரல்வளை ஏறி மூடிக்கொள்ளும், மூச்சு நிற்கும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். எல்லாம் ஒரு நொடிக்குள்.

"நாக்கு தள்ற வரைக்கும்தான் நம்ம கையில. மிச்சம் தானா நடக்கும். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவைக்கு மேல முழுங்குறோம்" என்றார் மேடம்.

"நானா மேடம்? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று சிரித்தான்.

விரல் இன்னும் அவன் கழுத்தில் இருந்தது. ஒரு கணம், அழுத்த வேண்டும் போல இருந்தது. எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். சாலமோன் பிரியாணிப் பொட்டலத்தை அடுப்படியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாமல் சாப்பிடுகிறானாம்! வாசனைக்குக் கதவு உண்டா? போன் வந்தது, வாசலுக்குப் போனான்.

நான் அடுப்படிக்குப் போனேன். ஒரே ஒரு வாய். இவனால் முடிகிறது, என்னால் ஏன் முடியாது?

சோறு வழி தவறியது. மூச்சே வரவில்லை. ஓடிவந்து முதுகில் அடித்தவன் அவன்தான். அதற்குள் அம்மா வந்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"நீ துன்றது பத்தாதுன்னு அவனுக்கும் குடுத்தியாடா, பாவி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. இருமலால் பேசவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 12, புதன்

வார்டு. சோறு நுரையீரலில் இறங்கிச் சளிக் காய்ச்சல். அம்மா அவனை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறான். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வியாழன்

"நாலு நாளா ஊட்டுல ஒரு வாய் சாப்புடல அவன். டீயக் குடிச்சிட்டு வேலைக்குப் போயிக்கினு இருக்கான். இருக்கட்டும், புத்தி வரட்டும்" என்றாள் அம்மா.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவன். நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறானே!

"அம்மா, அவன் குடுக்கல. நானே எடுத்துத் துன்னேன்."

"ஏண்டா அந்தோணி, இத்தினி நாளு ஏண்டா சொல்லல?"

"அவன் துன்றதப் பாத்தா வவுறு எரியுதும்மா."

அவளே போய் அவனைக் கூட்டிவந்தாள். எப்படிச் சொன்னாளோ, அவன் கண் சிவந்திருந்தது.

"சொல்லியிருந்தா மாடிக்குப் போய் துன்னிருப்பேன்ல?"

"அதுக்கும் எரியும்டா."

"என்னை இன்னாதான் பண்ணச் சொல்றே?"

பயத்தில் நிற்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோபம் என்று நினைத்திருந்தேன்.

"போய்ச் சாப்புடு. நான் பாக்கல" என்றேன்.

ஜூலை 6, சனி

மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீர், ஒரு ஸ்பூன். மூச்சைப் பிடித்து, அழுத்தி விழுங்கி, உடனே இருமினேன். வழி தவறவில்லை. மேடம் இரண்டாவது ஸ்பூனை எடுத்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குழாய் எடுத்து எட்டாம் நாள். அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். முள்ளெடுத்த நடுத்துண்டை என் குழைந்த சோற்றில் வைத்தாள். சாலமோனுக்கு வால்துண்டு.

"இனிமே எல்லாம் அவனுக்குத்தானா? நான் ஒருத்தன் இந்த ஊட்டுல இருக்கறதே மறந்துபோச்சா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முகம் சிரிக்கவில்லை.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். துண்டைப் பிட்டுப் பெரிய பாதியை அவன் தட்டில் வைத்தேன்.