இடது பக்கம் மட்டும் கேட்ட ஹெட்போன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்குச் சுகமாக இருக்கிறது. தம்பி கடையைப் பார்த்துக்கொள்கிறான், என்னைவிடக் குறைவாகப் பேசி அதிகமாக விற்கிறான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் தெரிந்துகொண்டே கேட்டால் அது நடிப்பு. உன் இடது காது போய்விட்டது என்று போன வாரம் அம்மா சொல்லிவிட்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, டாக்டர்கிட்டயே பேரம் பேசுவாரு" என்றாயாம். ஒரு விஷயத்தை ஆறு நிமிஷம் வைத்திருக்க முடியாதவள் இதை ஆறு வாரம் வாய்க்குள் வைத்திருந்தாள், அதிலேயே விஷயம் எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ சொன்னதும் தப்பில்லை. அம்மா போனுக்கு நீ அனுப்பியிருந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இங்கே காது டாக்டரம்மாவிடம் போனேன். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். நாற்பது வருஷமாகத் தையல் மெஷின் பாகங்கள் விற்பவன் நான், எது உடைந்தாலும் அதற்கு ஒரு மாற்று ஏதாவது ஒரு அலமாரியில் இருக்கும் என்று நம்பியே பிழைத்தவன். "என் காதுல ஒண்ணை எடுத்து அவளுக்கு வைங்கம்மா, கல்லாவுல உட்கார எனக்கு ஒரு காது போதும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி முடியும்னா வெளியில அப்பாக்கள் வரிசையில நிப்பாங்க ஐயா" என்றார். பிறகு, "சின்ன வயசுல ரொம்பச் சத்தமா ஏதாவது கேட்டு வளர்ந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடைக்கு வருகிறவர்களிடம்கூட நான் இவ்வளவு வேகமாகப் பொய் சொன்னதில்லை.

உன் ஒன்பதாவது வயசு கிறிஸ்துமஸ். சாப்பாட்டு மேசையின் விளிம்பைக்கூட விடாமல் விரலால் வாசித்துக்கொண்டிருப்பாய். கல்யாணங்களில் வாசிக்கிற ஒருவர் பழைய கீபோர்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்பீக்கர் எரிந்திருந்தது, அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். கூடவே ஒரு ஹெட்போனைக் கேட்டு வாங்கினேன், அதில் வலது பக்கம் செத்திருந்தது, அதைச் சொல்லி இன்னும் குறைத்தேன். "பிள்ளைக்குப் பாட்டு, நமக்கு நிம்மதி, ஒரே சாமான்ல ரெண்டும்" என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நீ காகிதத்தைப் பிரித்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாய், இறங்கவே இல்லை.

கடைக்குப் பின்னால் சரக்கு அறைதான் உனக்குக் கிடைத்த இடம். தடுப்புக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் அண்ணன் நாலைந்து மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க நீ சத்தத்தைக் கடைசிவரை திருகி வைப்பாய். "அப்பா, ஒரு பக்கம்தான்ப்பா கேக்குது" என்று எத்தனை தடவை வந்து நின்றாய். "ரெண்டு பக்கமும் ஒரே பாட்டுதானடி, ஒண்ணுல கேட்டா பத்தாதா?" என்று சிரித்தேன். அறுந்திருந்தது ஒரு ஒயர், பற்றவைக்கும் கம்பி என் மேசைமேலேயே கிடந்தது, பத்து நிமிஷ வேலை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று வருஷம் போனது. நீ என்ன வாசிக்கிறாய் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கட்டை தட்டுப்படும் சத்தம் மட்டும் வரும், "ஊமைக் கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்பார் அண்ணன். பள்ளிக்கூட விழாவில் பாடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நீ வாசித்தபோது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "யாருங்க வாசிக்கிறது?" என்று கேட்டவன் நான். மறுநாளே ஸ்பீக்கர் மாட்டினேன். அந்த ஒயரை அப்போதும் தொடவில்லை, இனி தேவையில்லையே என்று விட்டுவிட்டேன்.

பொய் சொன்னது பொறுக்காமல் டாக்டரம்மாவிடம் திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது ஐயா" என்றார். ஆமாம் என்றிருந்தால் தாங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது. இதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றே தெரியவில்லை. உன்னிடம் பாட்டுப் படிக்கிற முப்பது பிள்ளைகளையும் இப்போது உன் வலது பக்கமாக நிறுத்திக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து கடையில் என்ன கேட்டாலும் வேறு எதையோ எடுத்துக் கொடுக்கிறேன், தம்பி மாற்றிக் கொடுத்து அனுப்புகிறான்.

இன்று காலை அம்மா இன்னொன்றும் சொன்னாள். நீ என்னிடம் மறைத்ததற்குப் பேரம் காரணமில்லையாம். "அந்த ஹெட்போனை நினைச்சு உடைஞ்சு போயிடுவாரும்மா" என்றாயாம். அப்படியானால் உனக்கும் அது தோன்றியிருக்கிறது. தோன்றிய பிறகும் என்னைத்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நீயே சொல்.

கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், உனக்காக வேண்டிக் கேட்க எனக்கு வேறு யாருமில்லை. வலது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். ரோட்டைக் கடக்கும்போது நின்று இடது பக்கம் திரும்பிப் பார், இனி அந்தப் பக்கம் உன் கண்தான் கேட்க வேண்டும்.

உன் அப்பா