புளிக்காத மாவு

1944 மார்ச் 3, வெள்ளி.
வெண்ணந்தூர் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஆஸ்பத்திரியில் காலை முழுக்கச் சொறி, சிரங்கு, வாயு. வந்தவர் வாயிலெல்லாம் புளித்த கம்பங்கூழ் வாடை. மாவைக் கரைத்து, ராத்திரி முழுக்க நுரைக்கவிட்டு, மறுநாள் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அழுகலைத் தின்னும் ஜனங்கள். டாக்டர் நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ரேஷனில் அரிசி இல்லை. நம் வீட்டிலும் கம்புதான். ஆனால் அன்றன்று திரித்து, அன்றே அடை. சுத்தம்.

மார்ச் 5, ஞாயிறு.
கமலம் எதிர்வீட்டு நெசவுக்காரி பாவாயியிடம் கூழ் வாங்கிக் குடித்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். டாக்டர் பெண்சாதி, ஏழு மாதக் கர்ப்பிணி!

"வாய்க்கு நல்லாயிருக்குங்க."

இனி அந்தப் படி மிதிக்கக் கூடாது என்றேன். அழுதாள். அழட்டும்.

ஏப்ரல் 7, வெள்ளி.
சவரக்கத்தி தீட்ட வேண்டும். குடைக்கம்பி ஒடிந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

கமலத்தின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுப்பு. மூன்று வாரமாக இரும்பு மருந்து, ரத்தம் ஏறவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறாள். பாவாயியும் கர்ப்பிணி, அவளுக்கும் இதே மாதம்தான். அவள் இமை சிவப்பு. நாள் முழுக்கத் தறியில் உட்காருகிறாள். கழுதைப் பிறவி.

ஏப்ரல் 11, செவ்வாய்.
தபாலில் வைத்தியப் பத்திரிகை. தானியத் தோலில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்றாம். இரும்பையும் சுண்ணாம்பையும் கவ்விக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். ஊறவைத்துப் புளிக்கவிட்டால் பெரும்பகுதி சிதைந்துவிடுமாம். சீமை உளறல் என்று வீசினேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.

புளிக்காத அடை, அதன் மேலேயே என் மருந்து. முட்டாள். பட்டம் பெற்ற முட்டாள்.

ஏப்ரல் 12, புதன்.
சொம்போடு எதிர்வீட்டுக்கு நானே போனேன். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.

"ஏனுங்க டாக்டரய்யா, கூழு தீந்துபோச்சுங்களே. இப்பத்தான் மாவு கரைச்சேன். காலைல காச்சித் தாரனுங்க. மொதல்லயே சொல்லியிருந்தா தெனமும் குடுத்திருப்பனே சாமி" என்றாள் பாவாயி.

வெறுஞ்சொம்போடு திரும்பினேன். ஒரு நாள் கூழில் ரத்தம் ஊறாது, எனக்குத் தெரியும். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. போதும். போதவேண்டும்.

ஏப்ரல் 13, வியாழன்.
கமலத்துக்கு விடியும்போதே பிரசவ வலி, ஒரு மாதம் முந்தி. இமையில் பொட்டு ரத்தமில்லை. சேலத்துக்குக் கார் சொல்லியாயிற்று. பயமாக இருக்கிறது. பாவாயி கூழ்ச்சட்டியோடு வாசலில். கமலம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறாள்: "இப்பக் குடிக்கலாமுங்களா?"