கேக்கில் இருக்கிற ‘அது’

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்தக் கோடையின் முதல் தோட்ட விருந்து முடிந்தது. அத்தான் தூங்கிவிட்டார்! எங்கள் வீட்டில் விருந்துக்கு மார்க் போடுவது அப்படித்தான். அக்கா வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் அன்றைக்கு நிழல் சரி, காற்று சரி, நாற்காலி சரி என்று அர்த்தம். நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் நான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன். இன்று குறட்டையே வந்தது.

கேன்வாஸ் கூரையும் மெத்தை உறையும் தைத்துப் பிழைக்கிறவள் வீட்டில் நிழலுக்குக் குறை வந்தால் நாளைக்குக் கடையைத் திறக்க முடியுமா? கேக் வெட்டுகிற நேரத்துக்கு வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து, மேற்குப் பக்கத் துணியைத் தாழ்த்திக் கட்டினேன். எல்லா நாற்காலிக்கும் கை எட்டுகிற தூரத்தில் தண்ணீர். தண்ணீருக்காக எழுந்து நடக்கவேண்டிய விருந்து ஒரு விருந்தா?

பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கையும் கூப்பிட்டிருந்தேன். சும்மாதான். பக்கத்துக் கடை, கூப்பிடாவிட்டால் நன்றாக இருக்காது. (யாருக்கு இந்தச் சமாதானம்? என் டைரியில் எனக்கே கதை விடுகிறேன்.)

கேக்கை வாயில் போட்டார். கண்ணை மூடினார். “இந்த வெயில்லயும் கேக்கு காயவே இல்லையே! உள்ளே என்னங்க போடறீங்க?” என்றார். எல்லோரும் ருசியைப் பற்றிக் கேட்பார்கள், இவர் ஈரத்தைப் பற்றிக் கேட்கிறார்! தொழில் புத்தி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “அதெல்லாம் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். வேணும்னா ஒரு விருந்துக்கு ஒரு தடவை கண்டுபிடிக்கப் பாருங்க.”

“பாதாமா?”

“இல்லை!” — அக்கா, அத்தான், தம்பி, நான், நாலு பேரும் ஒரே குரலில். அத்தான் தூக்கத்திலேயே சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

கடைக்கு வந்தார். ஸ்கூட்டருக்கு உறை தைக்கவேண்டுமாம். ஸ்கூட்டர் ஏற்கெனவே உறை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது. அதுவும் நான் தைத்த உறை. அளவெடுக்கிற சாக்கில் “தயிரா?” என்று கேட்டார். விருந்துக்கு வெளியே கேட்கிற கேள்வி செல்லாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தயிராம்! போயும் போயும்.

(அந்த உறையை இரட்டைத் தையல் போட்டுத் தைத்திருக்கிறேன்.)

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி அவருக்குக் ‘கூலிங் சார்’ என்று பேர் வைத்துவிட்டான். அவர் இன்று செத்துப்போன ஒரு ஃப்ரீசரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றி, உள்ளே ஐஸ்கட்டி நிரப்பி, அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, உட்கார்ந்த இடத்திலிருந்து குனியாமல் எடுக்கிற மட்டத்தில் நிறுத்தினார். நான் நிழல் போட்டேன், அவர் குளிர் வைத்தார். இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் இப்படி ஒரு சௌகரியம் இருந்ததில்லை. மூன்றாவது வீட்டுத் தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டிக்கொண்டார். அத்தான் கேக் வருவதற்கு முன்னாலேயே காலி.

இன்றைய ஊகம்: தேன். இல்லை!

பாத்திரம் கழுவும்போது அக்கா என்னையே பார்த்தாள். “என்னடி, தட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சிரிக்கற?”

“தட்டு சுத்தமா இருக்குன்னு சிரிச்சேன்.”

“ஆமாமா. தட்டு ரொம்பத்தான் அழகு.”

ஏப்ரல் 23, புதன்

இதை எழுதி வைத்தால்தான் மண்டை தெளியும்.

அந்தக் கேக்கில் எலுமிச்சைத் தோல், வெண்ணெய், முட்டை எல்லாம் எல்லா வீட்டிலும் போடுவதுதான். இன்னொன்று இருக்கிறது. அதை இந்த டைரியில்கூட ‘அது’ என்றுதான் எழுதுவேன். அம்மா போட்ட சட்டம்: வாயால் மட்டும்தான் சொல்லவேண்டும், வீட்டு ஆளுக்கு மட்டும்தான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் கேட்டவர் வீட்டு ஆள், அதில் பின்வாங்கல் கிடையாது. அத்தானுக்குக் கல்யாணமான அன்று சாயங்காலம் சொன்னார்கள். “அட, இவ்வளவுதானா!” என்றார் மனிதர். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. புதுப் பொண்ணு, புது மாப்பிள்ளை, ஒரு வாரம்!

ஆக, கூலிங் சார் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் அவர் வெறும் கெட்டிக்காரர். யாராவது சொன்னால்தான் வீட்டு ஆள். யார் சொல்வது?

நான்தான். வேறு யார்?

நாற்பத்தாறு வயசு. கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்த் தள்ளிப் போய்க் காணாமலே போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தவள். இப்போது ஒருத்தர் “தேனா?” என்று கேட்டால் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நல்ல கூத்து.

மே 4, ஞாயிறு

தேங்காய்த் துருவல். இல்லை!

சொல்லும்போது வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. கண்டுபிடித்துத் தொலைத்துவிடாதீர்கள் சார், தயவுசெய்து.

மே 13, செவ்வாய்

அடச்சே. அடச்சே.

கூலிங் சார் இருக்கிற கடையின் சொந்தக்காரர் இடத்தைக் கேட்கிறாராம். “மாசக் கடைசியில காலி பண்றேங்க. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கேன்” என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். நான் என்ன சொன்னேன்? “ஓ, அங்கே பார்க்கிங் வசதி நல்லா இருக்கும்” என்றேன். பார்க்கிங்! இந்த வாயில் கேன்வாஸுக்குப் போடுகிற பெரிய ஊசியால் நாலு தையல் போட்டால் தேவலை.

அக்காவுக்கு போன் செய்து அழுதேன். அழவில்லை, மூக்கை உறிஞ்சினேன்.

“பிடிச்சிருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“அப்ப சொல்லித் தொலையேன். நான் வந்தா சொல்ல முடியும்? உன் ஆளு, நீதான் சொல்லணும்.”

“அவருக்கு இஷ்டம் இல்லேன்னா?”

“இஷ்டம் இல்லாதவன்தான் ஸ்கூட்டருக்கு ரெண்டு உறை போடுவானா?”

சரிதான். ஆனால் பயமாக இருக்கு. சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவர் சிரித்துவிட்டால்? ‘அது’ அப்படிச் சிரிப்பு வருகிற சமாச்சாரம்தான். அத்தானே சாட்சி.

மே 18, ஞாயிறு

மழை. விருந்து இல்லை. ஊகமும் இல்லை. ஒரு வாரம் வீண்.

மே 25, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணினால் கோணட்டும்.

இன்று அக்கா-அத்தான் கல்யாண நாள். தெருவே வருகிறது. அக்காவுக்கு விருந்து என்பதால் அவளை அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கேக் என் பொறுப்பு. காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜ் ஓடவில்லை! வெண்ணெய் குழைய ஆரம்பித்துவிட்டது. கூலிங் சாருக்கு போன் போட்டேன், டூல்ஸ் பையோடு வந்துவிட்டார். அவரை அடுப்படியில் விட்டுவிட்டு, ‘அது’ வேகிற பானையின் மேல் மூடி, மூடி மேல் தட்டு, தட்டு மேல் ஒரு துண்டு — ராணுவ ரகசியம் மாதிரி மூடிவிட்டு — தோட்டத்துக்கு ஓடினேன். தம்பி நாற்காலி எடுத்துவர வண்டியோடு போயிருந்தான்.

ஏணியில் ஏறி மேற்கு மூலைக் கயிற்றைக் கட்டப் போகும்போது காற்று வந்தது பாருங்கள்! துணி பாய்மரம்போல உப்பிவிட்டது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விட்டால் கம்பம், துணி, அடியில் அடுக்கிய தட்டுகள் எல்லாம் ஒரே சரிவு. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் டைமர் அடிக்கிறது.

‘அதை’ச் சூட்டோடு மசிக்கவேண்டும். ஆறினால் பசை. சுவரில் போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டைமர் விடாமல் அடிக்கிறது. தலைக்குள் கேக், கேக், கேக். அவ்வளவுதான். தொண்டை கிழியக் கத்தினேன்:

“சார்! அடுப்பை அணைச்சுட்டு அந்த உருளைக்கிழங்கைத் தோலை உரிச்சு உடனே மசிச்சுடுங்க! ஆறிச்சுன்னா கேக்கு போச்சு!”

டைமர் நின்றது.

அப்புறம்தான் என் காதில் என் குரலே விழுந்தது. உருளைக்கிழங்கு. கேக்கு. ரெண்டையும் ஒரே மூச்சில்!

திரும்பிப் பார்த்தால் கேட்டுக்குள் அக்கா. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, புதுத் துணியில், பூங்கொத்தோடு, சிலைபோல நிற்கிறாள். பின்னால் அத்தான்.

அடுப்படி ஜன்னலில் கூலிங் சாரின் தலை வந்தது. சிரிக்கப் போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“கட்டியில்லாம மசிக்கணுங்களா?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றும்போது இருக்கிற அதே முகம்.

“கட்டியே இருக்கக் கூடாது.”

“சர்க்கரையில கலக்கறதா, வெண்ணெயிலயா?”

“வெண்ணெயில.” மானம் போனது போனதுதான், கேக்காவது மிஞ்சட்டும்!

தலை உள்ளே போய்விட்டது.

அக்கா நிதானமாக ஏணிக்குக் கீழே வந்தாள். “சொல்லிட்டியா?”

“வாய் தவறி—”

“சொன்னியா இல்லையா?”

“சொன்னேன். இரு, இறங்கி வரேன். இல்ல, இறங்க முடியாது, கயிறு.”

“அப்ப அங்கேயே இரு. யோசிக்க நல்ல இடம்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான்தான் பாவம், மறுமூலையைப் பிடித்து என்னைக் காப்பாற்றினார். “எனக்காவது கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னீங்க. இவருக்கு அட்வான்ஸா?” என்று வேறு.

சாயங்காலம் தோட்டம் நிறைந்துவிட்டது. கேக் — நானே சொல்லக் கூடாது — இந்தக் கோடையிலேயே இதுதான் பிரமாதம். தபால்காரர் சும்மா இருப்பாரா? “என்ன சார், இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நாங்கள் நாலு பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம். போச்சு. தெருவே சிரிக்கப் போகிறது.

கூலிங் சார் ஒரு துண்டை எடுத்தார். முதல் நாள் மாதிரியே கண்ணை மூடினார். மென்றார், யோசித்தார்.

“தேங்காய்ப்பால். இந்தத் தடவை நிச்சயமா தேங்காய்ப்பால்தான்.”

“இல்லை!” என்றோம். என் குரல்தான் உச்சம். அவர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்ததைப் பார்க்கவேண்டுமே! தபால்காரர் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்.

அக்கா என் காதருகே குனிந்தாள். “எவ்வளவு கூசாம பொய் சொல்றாரு பாரு. நம்ம வீட்டு ஆளேதான்.”

அத்தான் தூங்கிவிட்டார்.

மே 26, திங்கள்

அவர் கடை திறக்கவில்லை.

சட்டம் எங்கள் வீட்டுச் சட்டம். அவர் என்ன கையெழுத்தா போட்டார்? ஏணி மேல் நின்று கத்தினதால் ஒரு மனுஷன் மாட்டிக்கணுமா? வேண்டாம். அவர் வந்தால் தெளிவாகச் சொல்லிவிடுவேன். வரட்டும் முதலில். ஏன் வரலை? வராமலே போயிட்டா?

மே 27, செவ்வாய்

வந்தார்!

கையில் எங்கள் வீட்டு மத்து. “டூல்ஸ் பைக்குள்ள இது வந்துடுச்சுங்க. நேத்து ஒரு ஓட்டல்ல கோல்டு ரூம் வேலை, நாள் பூரா அங்கேயே. பையைத் திறந்தா ஸ்பேனர் இருக்கவேண்டிய இடத்துல இது இருக்கு” என்றார்.

நான் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். “பாருங்க, எங்க வீட்டுச் சட்டத்துக்காக நீங்க எதுக்கும் கட்டுப்படவேண்டாம். மறந்துடுங்க.”

“எப்படிங்க மறக்கறது? அவ்வளவு பெரிய ரகசியத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வெளி ஆளா சுத்தறது எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“அதுக்கு?”

“உள்ளே கூப்பிடுங்க.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பெடலில் இருந்து காலை எடுக்க மறந்திருக்கிறேன். ஊஞ்சல் மெத்தையின் உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டேன், மெத்தையை நுழைக்க வழியே இல்லை!

“கூப்பிட்டேன்” என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்தோம், அப்படிச் சிரித்தோம். நடுவில் “உங்க கடையில பாதி இடம் சும்மாதானே கிடக்கு?” என்று கேட்டார். பார்க்கிங் வசதி கிடையாது என்று எச்சரித்தேன். பரவாயில்லையாம்.

சந்தோஷமாக இருக்கிறது. வேறு எப்படி எழுத? சந்தோஷமாக இருக்கிறது.

மே 28, புதன்

உறையைப் பிரித்துத் தைத்தேன். திரும்பவும் நாலு பக்கமும் மூடிவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புது வருஷம், புது டைரி. இந்தக் கோடையின் முதல் விருந்து. புதுக் கூரை நன்றாக நிற்கிறது. ஐஸ் பெட்டிக்கு இப்போது சக்கரம் வைத்தாயிற்று, நிழல் நகர நகர அதுவும் கூடவே நகர்கிறது. அத்தான் தூங்கினார், தபால்காரரும் தூங்கினார், ஆக இரட்டை மார்க். காலையில் கயிறு கட்ட நான் ஏணியில் ஏறினபோது அடுப்படி ஜன்னலைச் சாத்தச் சொல்லி அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வேண்டுமென்றேதான்.

தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிற பல் டாக்டரம்மா கேக்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவரிடம், “என்ன சார் இது, இவ்வளவு மெத்துன்னு இருக்கு? உள்ளே என்ன போட்டிருக்காங்க?” என்று கேட்டார்.

அவர் காலையில் உரித்த உருளைக்கிழங்கின் தோல் இன்னும் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நைசாகத் தட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“அதை ஏங்க கேக்கறீங்க? கட்டின பொண்டாட்டி, என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறா.”